அட்டையிலே நரைத்த தலைகள்

கதை எழுதுகிறவனுக்கு ஏற்படும் சங்கடங்களில் ஒன்று, பாத்திரங்களுக்கு வயதாக்குவது. முதல் அத்தியாயத்தில் இருபது வயது வாலிபனாக வந்தவனைக் கடைசி அத்தியாயத்தில் கிழவனாக நிறுத்த வேண்டும். 'முப்பது வருஷங்கள் உருண்டோடின' என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும்தான். ஆனால் வாசகர் நம்ப வேண்டுமே! அந்த முப்பது வருஷத்தில் அவன் கன்னம் எப்போது ஒட்டியது, கண்ணுக்குக் கீழே எப்போது பை விழுந்தது, நிமிர்ந்த முதுகு எந்த வருஷம் வளைந்தது என்பதையெல்லாம் யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இலக்கியத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. முதலில் ஸிகரெட் வியாபாரிகள்; அப்புறம் மிட்டாய் வியாபாரிகள். தங்கள் சரக்கோடு இனாமாக வைத்துக் கொடுத்த சின்னஞ்சிறு அட்டைப் படங்களில், தாங்கள் என்ன செய்கிறோம் என்று அறியாமலே, பல மனிதர்களின் வாலிபத்தையும் முதுமையையும் பதிவு செய்துவிட்டார்கள். படங்களில் இருப்பவர்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்கள்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறை. ஒருவர் பந்து வீசுகிறார். எதிரே நிற்பவர் உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு, நாலு மூலைகளையும் சுற்றி ஓடி வரப் பார்க்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

1880-களில் அமெரிக்காவில் ஸிகரெட்டை மெல்லிய காகிதப் பொட்டலத்தில்தான் விற்றார்கள். சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிப் போகும். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் சொருகினார்கள். வெறும் அட்டையைச் சொருகுவானேன், அதில் ஒரு படம் அச்சடித்தால் என்ன என்று எந்த மூளைக்கோ தோன்றியது. நடிகைகள், தளபதிகள், பறவைகள், தேசக் கொடிகள் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. ஆட்டக்காரர்களும் வந்தார்கள். அப்பா ஸிகரெட்டை எடுத்துக்கொள்வார். பிள்ளை படத்தை எடுத்துக்கொள்வான். பிள்ளையின் தொந்தரவு தாங்காமல் அப்பா அதே ஸிகரெட்டையே வாங்குவார். வியாபாரிக்கு வேண்டியதும் அதுதான்.

1887-ல் நியூயார்க்கைச் சேர்ந்த குட்வின் கம்பெனி, தனது 'ஓல்ட் ஜட்ஜ்' ஸிகரெட்டுக்காக நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களைப் படம் பிடித்து அட்டைகளை வெளியிடத் தொடங்கியது. ஓடுகிற மனிதனைப் படம் பிடிக்கும் வித்தை அன்றைக்குக் கைவரவில்லை. ஆகவே ஸ்டூடியோவில், சித்திரம் தீட்டிய திரைக்கு முன்னால், ஆட்டக்காரரை நிற்க வைத்தார்கள். பந்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பந்தைப் பிடிப்பது போலவும் அடிப்பது போலவும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சில படங்களில் அந்த நூல்கூடத் தெரிகிறது.

அப்படி நின்றவர்களில் ஒருவர், வாஷிங்டன் கோஷ்டியைச் சேர்ந்த கார்னீலியஸ் மெகில்லிகடி. 1862-ல் பிறந்தவர். பனைமரம் மாதிரி உயரம். உடம்பில் சதை என்பதே கிடையாது. இவ்வளவு நீளமான பெயரைப் பத்திரிகைகள் எப்படி அச்சடிக்கும்? கானி மாக் என்று சுருக்கிவிட்டார்கள். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது அவர் வேலை. மட்டையில் பந்து உரசினாற்போல ஒரு சத்தத்தை எழுப்பி நடுவரையே ஏமாற்றுவதில் மகா சமர்த்தர் என்று பெயர். பிள்ளைப் பிராயத்தில் ஆலை வேலைக்குப் போனவர். ஆட்டக்காரர்களே கூடி ஆரம்பித்த ஒரு புது லீகில் 1890-ல் தம் சேமிப்பு முழுவதையும் போட்டார். அந்த லீக் ஒரே வருஷத்தில் மூழ்கியது. பணமும் கூடவே போயிற்று.

வேறொருவராக இருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் 1901-ல் அமெரிக்கன் லீக் என்ற புது அமைப்புக்காக பிலடெல்பியாவில் 'அத்லெடிக்ஸ்' என்ற கோஷ்டி உருவாயிற்று. கானி மாக் அதன் மானேஜராகவும், அதில் பங்கு வைத்திருந்த முதலாளிகளில் ஒருவராகவும் அமர்ந்தார். அமர்ந்தவர் 1950 வரை எழுந்திருக்கவேயில்லை. ஐம்பது பருவங்கள்!

மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிவார்கள். இவர் மட்டும் கோட்டும் சூட்டும் டையுமாக, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் போல உட்கார்ந்திருப்பார். சீருடை இல்லாதவர் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே, கையிலுள்ள கணக்குத் தாளைச் சுருட்டி அசைத்து, இன்னார் இரண்டடி தள்ளி நில்லுங்கள் என்று சைகை காட்டுவார்.

ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார்: 1910, 1911, 1913, 1929, 1930. நடுவே சம்பளப் போட்டி வந்தது, கடன் வந்தது, 1929-ன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. இரண்டு தடவை தம் சிறந்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றுவிட்டார். 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு வருஷம் கடைசி இடம். 1916-ல் 36 ஆட்டங்களில் ஜயித்து 117-ல் தோற்றார்கள். வாழ்நாள் கணக்கைப் பாருங்கள்: 3,731 வெற்றிகள், 3,948 தோல்விகள். வெற்றியிலும் அவரை யாரும் எட்டியதில்லை; தோல்வியிலும் எட்டியதில்லை. வேறு யாராக இருந்தாலும் நாலாவது வருஷமே சீட்டுக் கிழிந்திருக்கும். கோஷ்டியில் அவருக்கே சொந்தம் இருந்ததால் அவரை வெளியேற்ற ஆள் இல்லை. நீண்ட வாழ்க்கை என்று நாம் வியக்கிற பலவற்றுக்குள் இப்படி ஒரு சொத்துப் பத்திரம் மறைந்திருப்பதுண்டு.

கடைசி வருஷங்கள் பரிதாபமானவை. நெருக்கடியான நேரத்தில், எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்ட பழைய வீரனின் பெயரைச் சொல்லி, அவனை மட்டை பிடிக்க அனுப்பு என்பாராம். பக்கத்திலிருக்கும் பயிற்சியாளர்கள் சத்தம் போடாமல் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேலி செய்யத் தோன்றவில்லை. அவர் அழைத்த பெயர்கள் எல்லாம் நிஜமானவை. ஒரு காலத்தில் அவர் சொல்லுக்கு ஓடி வந்தவைதாம்.

1951-ல் புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி, 'கானி மாக்கின் மகா வீரர்கள்' என்று பதினொரு அட்டைகளை வெளியிட்டது. உருவத்தைச் சுற்றி வெட்டு விட்டிருப்பார்கள். பின்புறத்தை மடித்தால் பொம்மை போல மேஜைமேல் நிற்கும். அதில் கானி மாக்கும் ஒருவர். வயது 88. இந்த அட்டையையும் 'ஓல்ட் ஜட்ஜ்' அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவே அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. முதல் அட்டையை எடுத்து வைத்த பிள்ளைக்கு, இரண்டாவது அட்டை வரும்போது பேரன் பிறந்திருப்பான். 1956-ல் மாக் காலமானார். அதற்கு முன்பே பிள்ளைகள் கோஷ்டியை விற்றுவிட்டார்கள்; 'அத்லெடிக்ஸ்' கான்ஸாஸ் நகரத்துக்குக் குடி பெயர்ந்துவிட்டது. இந்தக் கோஷ்டியின் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் வரப் போகிறது.

அதே பதினொரு அட்டைகளில் இன்னொருவர் ஹானஸ் வாக்னர். பென்ஸில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாகவே வேலைக்குப் போனவர். 1897 முதல் 1917 வரை பெரிய லீகில் ஆடி, மட்டை வீச்சில் எட்டு முறை முதலிடம் பெற்றவர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஸிகரெட்டுகளோடு வெளியிட்ட பிரசித்தமான வரிசையில் அவர் படமும் அச்சாயிற்று. வாக்னர் சம்மதம் தரவில்லை. சம்மதம் வாங்கித் தந்தால் பத்து டாலர் என்று பேசப்பட்டிருந்த பத்திரிகைக்காரருக்கு அந்தப் பத்து டாலரைத் தம் கைப் பணத்திலிருந்தே அனுப்பிவிட்டு, என் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அச்சு நின்றது. வெளியே வந்துவிட்ட கொஞ்சம் அட்டைகளில் இன்று கைவசமிருப்பவை சுமார் அறுபதுதான். அவற்றில் ஒன்று 2022-ல் எழுபத்திரண்டரை லட்சம் டாலருக்கு விலை போனது!

ஏன் மறுத்தார்? குழந்தைகள் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாதென்று மறுத்தார் என்பது ஒரு கட்சி. பணம் தராமல் படம் போடுவதா என்று மறுத்தார் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு ஓர் இடைஞ்சல் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் அவர் நடத்திய விளையாட்டுச் சாமான் கடை நொடித்துப் போய்விட, பிட்ஸ்பர்க் கோஷ்டி 1933-ல் அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில், 1948-ஐ ஒட்டி லீஃப் கம்பெனி வெளியிட்ட அட்டையில் எழுபதைத் தாண்டிய வாக்னர் காட்சி தருகிறார். என்ன செய்துகொண்டு? பையிலிருந்து புகையிலையை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டு! இளமையில் புகையிலையோடு வெளிவர மறுத்த முகம், முதுமையில் சூயிங்கத்தோடு வந்த அட்டையில் புகையிலை மெல்லுகிறது. இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், 'ஆசிரியர் வலிந்து சேர்த்திருக்கிறார்' என்று கடிதம் வந்திருக்கும்.

எனக்கு அந்தக் கிழவர் அட்டைதான் பிடிக்கிறது. எழுபத்திரண்டரை லட்சம் டாலர் அட்டையில் இருப்பவர் ஒரு வீரர். இந்த அட்டையில் இருப்பவர் கடை நொடித்துப் போய், பழைய எஜமானர்களிடமே திரும்பி வந்து, வாலிபப் பையன்களுக்கு நடுவே சீருடை மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனுஷர்.

கேஸி ஸ்டெங்கல் கதை இதற்கு நேர் விரோதம். கான்ஸாஸ் நகரத்துக்காரர், ஊரின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களிலிருந்து வந்ததுதான் 'கேஸி' என்ற செல்லப் பெயர். பல் வைத்தியம் படித்தார். இடது கைக்காரர் ஆனதால் வைத்தியக் கருவிகள் ஒத்து வராமல் சிரமப்பட்டார். 1912-ல் புரூக்ளின் கோஷ்டியில் நுழைந்தார். பிறகு வேறு கோஷ்டிக்கு மாறி, பழைய புரூக்ளின் மைதானத்துக்கு வந்தபோது ஜனங்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஸ்டெங்கல் மரியாதையாகத் தொப்பியை எடுத்து வணங்கினார். தொப்பிக்குள்ளிருந்து ஒரு சிட்டுக்குருவி பறந்து போயிற்று! கூச்சல் சிரிப்பாக மாறியது.

அவருடைய இளமைக் கால அட்டை 1916-ல் வந்தது. மானேஜரான பிறகு புரூக்ளினிலும் பாஸ்டனிலுமாக ஒன்பது பருவங்கள். ஒரு தடவைகூட நாலாவது இடத்தை எட்டவில்லை. கோமாளி என்று பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் 1949-ல், 58-வது வயதில், நியூயார்க் யாங்கீஸ் என்ற பெரிய கோஷ்டி கைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பத்து முறை லீக் பட்டம், ஏழு முறை உலகப் பட்டம்! 1960-ல் வயதாகிவிட்டதென்று அவரை அனுப்பிவிட்டார்கள். எழுபது வயது ஆகிற தப்பை இனிமேல் செய்யவே மாட்டேன் என்று நிருபர்களிடம் சொன்னார்.

அதோடு வீட்டில் உட்கார்ந்தாரா? 1962-ல் மெட்ஸ் என்ற புத்தம் புதுக் கோஷ்டியை நடத்த வந்தார். முதல் வருஷம் 40 வெற்றி, 120 தோல்வி. தோல்வியைச் சிரிப்பாக மாற்றும் பழைய தொப்பி வித்தை அப்போதும் உதவியது. தோற்கிற கோஷ்டியைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். 1965-ல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகே ஓய்ந்தார். அந்த வருஷத்து டாப்ஸ் அட்டையிலும் அவர் இருக்கிறார். 1916-க்கும் 1965-க்கும் நடுவில் இரண்டு உலக யுத்தங்கள் நடந்து முடிந்திருந்தன. முகத்தில் சுருக்கம் விழாத இடமே இல்லை. கண்ணில் மட்டும் அந்தக் குருவிக்காரச் சிறுவன்.

மகா வீரர்களைத்தான் அட்டைகள் நீண்ட காலம் தொடர்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. நோலன் ரையனைப் போல, 1966-லிருந்து 1993-க்குள் 27 பருவங்களில் வெறும் பந்து வீச்சாலேயே நின்றவர்கள் அபூர்வம். பெரும்பாலும் அட்டைகளில் நரைத்தவர்கள் சாமானியமான ஆட்டக்காரர்களே. டான் ஜிம்மர் என்று ஒருவர். 1951-ல் கல்யாணமே மைதானத்தில், மட்டை பிடிக்கும் இடத்தில் நடந்தது. 1953-ல் சின்ன லீகில் ஆடும்போது பந்து தலையில் பட்டுப் பல நாள் நினைவின்றிக் கிடந்தார். மண்டையோட்டில் துளையிட்டு, பின்னர் அவற்றை உலோகத்தால் அடைத்தார்கள். பிழைப்பதே அரிது என்றிருந்த மனிதர் 1955-ல் டாப்ஸ் அட்டையில் புரூக்ளின் வீரராகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மட்டை வீச்சில் சராசரிக்கும் கீழேதான். ஆடி முடித்த பிறகு பயிற்சியாளர், மானேஜர், மறுபடி பயிற்சியாளர், ஆலோசகர் என்று ஊர் ஊராகப் போனார். 1991 அட்டையில் சிகாகோ மானேஜராக, வழுக்கையும் உருண்டை முகமுமாக இருக்கிறார். கடைசி வருஷங்களில், தொழிலுக்கு வந்து எத்தனை வருஷமோ அந்த எண்ணையே சட்டை முதுகில் போட்டுக்கொண்டார். 2014-ல் இறந்தபோது அந்த எண் 66.

ஆட்டத்தில் நிலைப்பதற்குத் திறமை ஒரு பங்கு என்றால், இறங்கி வரும் மனசு இரண்டு பங்கு வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்று வரை அடித்து ஆடியவன், இன்று ஓரத்தில் நின்று மற்றவனைப் பார்த்து 'ஓடு, ஓடு' என்று கை காட்ட வேண்டும். அதற்கு எல்லோரும் சம்மதிப்பதில்லை. சம்மதித்தவர்களின் முகங்களை அட்டை தொடர்ந்து கொண்டுவந்தது.

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் இது ஓர் இனிமையான கட்டுரையாக இருக்கும். ஆனால் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது இருக்கும் முகங்களைப் போலவே இல்லாத முகங்களும் நம்மைப் பார்க்கின்றன.

1887-ஐ முன்பே சொன்னேன். ஸிகரெட் அட்டைகளில் ஆட்டக்காரர்கள் கூட்டமாக வந்த வருஷம். அந்த வருஷம் ஆலன் அண்டு ஜிண்டர் கம்பெனி வெளியிட்ட அட்டைகளில் காப் ஆன்ஸன் என்ற சிகாகோ தலைவரும் இருந்தார். 1871 முதல் 1897 வரை 27 பருவங்கள் ஆடியவர். அந்தக் காலத்து நீண்ட ஆயுள்காரர். அதே 1887, ஜூலை 14-ம் தேதி, சிகாகோ கோஷ்டி நெவார்க் நகரத்தில் ஒரு பந்தயம் ஆட வந்தது. நெவார்க்கின் சிறந்த பந்து வீச்சாளர் ஜார்ஜ் ஸ்டோவி நீக்ரோ வம்சத்தவர். கறுப்பு மனிதன் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்பது ஆன்ஸனின் நிலை. ஸ்டோவி அன்றைக்குப் பந்து வீசவில்லை. அதே நாளில் இண்டர்நேஷனல் லீக் என்ற அமைப்பின் நிர்வாகிகள் கூடி, இனிமேல் கறுப்பர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று ஓட்டெடுத்துத் தீர்மானித்தார்கள். பிறகு பெரிய லீகுகளில் சட்டமும் எழுதவில்லை, சாஸனமும் வெட்டவில்லை; கதவு மட்டும் சாத்தியே இருந்தது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் கோஷ்டியில் காலடி வைக்கும் வரை அது திறக்கவில்லை. கானி மாக்கின் ஐம்பது வருஷத்திலும் ஒரு கறுப்பு வீரர்கூட அவருடைய பெரிய லீக் கோஷ்டியில் ஆடியதில்லை.

ஸாச்செல் பெய்ஜ் 1906-ல் அலபாமாவில் மொபீல் நகரத்தில் பிறந்தார். 1926-லிருந்து கறுப்பர்களின் லீகுகளில் பந்து வீசினார். ஊர் ஊராக, பஸ்ஸிலும் காரிலும், குளிர்காலத்தில் கியூபா, போர்ட்டோ ரீக்கோ என்று கடல் தாண்டியும் போய் வீசினார். அவர் புகழின் உச்சியில் இருந்த 1933-ல் பாஸ்டனைச் சேர்ந்த கௌடி சூயிங்கம் கம்பெனி, 239 அட்டைகள் கொண்ட அழகான வரிசை ஒன்றை வெளியிட்டது. பேப் ரூத் என்ற மகா வீரருக்கு மட்டும் அதில் நாலு அட்டைகள். பெய்ஜுக்கு ஒன்றும் இல்லை. ஒரே மனிதரின் முகத்தை நாலு தரம் அச்சடிக்க மை இருந்தது!

1948 ஜூலையில், தம் 42-வது பிறந்த நாளன்று, பெய்ஜ் கிளீவ்லண்டு கோஷ்டியில் ஒப்பந்தமானார். ஆட்டம் முடிந்து போன கிழவனை விளம்பரத்துக்காகச் சேர்க்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவர் வீசுவதைப் பார்க்க எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அந்த வருஷம் ஆறு வெற்றி, ஒரே தோல்வி. கிளீவ்லண்டு உலகப் பட்டம் வென்றது. அதன் பிறகு லீஃபும் பௌமனும் அவருக்கு அட்டை அச்சிட்டன. 1953-ல் டாப்ஸும் அச்சிட்டது. ஆனால் பெயரில் ஓர் எழுத்தை அதிகமாகச் சேர்த்து, தப்பாக அச்சிட்டது.

கானி மாக்கின் முதல் அட்டையில் அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்டெங்கலுக்கும் அப்படியே. பெய்ஜின் வரிசையோ நாற்பத்திரண்டாவது வயதில்தான் ஆரம்பிக்கிறது. இருபது வயது பெய்ஜ், முப்பது வயது பெய்ஜ், கை மின்னலாக இருந்த காலத்துப் பெய்ஜ் அந்த வரிசையில் இல்லை.

இதெல்லாம் படம் சேர்க்கும் பிள்ளைகளின் குறை என்று தள்ளிவிட முடியாது. பெரிய லீகில் இத்தனை வருஷம் ஆடினால்தான் பென்ஷன் என்று அப்போது ஒரு விதி இருந்தது. கறுப்பர் லீகில் கழிந்த இருபது வருஷங்கள் கணக்கில் சேராததால், பெய்ஜுக்கு 158 நாள் குறைந்தது. 1968-ல் அட்லாண்டா கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குறையை நிரப்பிக் கொடுத்தது. நாற்பது வருஷம் பந்து வீசிய மனிதர், 158 நாளுக்காக மறுபடி சீருடை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கும் மூன்று வருஷம் முன்னால், 1965 செப்டம்பர் 25-ம் தேதி, கான்ஸாஸ் நகரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டம் சேர்ப்பதற்காக, 59 வயது பெய்ஜை ஓர் ஆட்டத்துக்கு அழைத்தார்கள். மைதான ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலி. பக்கத்தில் ஒரு நர்ஸ். ஜனங்கள் சிரித்தார்கள். பெய்ஜ் எழுந்து போய் பாஸ்டன் கோஷ்டிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. பாஸ்டனின் இளம் வீரர் யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரால்தான் ஒழுங்காக ஓர் அடி அடிக்க முடிந்தது. பெய்ஜ் அன்று அணிந்திருந்த சட்டை 'அத்லெடிக்ஸ்' கோஷ்டியுடையது. ஆம், கானி மாக் ஐம்பது வருஷம் நடத்திய அதே கோஷ்டிதான்.

பெய்ஜாவது 42-வது வயதில் உள்ளே வந்தார். அவரோடு பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் கோஷ்டியில் ஆடிய ஜாஷ் கிப்ஸன் என்ற மட்டை வீரர் 1947 ஜனவரியில், 35-வது வயதில் இறந்துபோனார். கதவு திறக்க மூன்று மாதம் பாக்கி. 2020 டிசம்பரில்தான் கறுப்பர் லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள். 2024-ல் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்தபோது, வாழ்நாள் மட்டை வீச்சு விகிதத்தில் கிப்ஸனின் பெயர் எல்லோருக்கும் மேலே ஏறி நின்றது.

இந்த அட்டைகளுக்கெல்லாம் ஒழுங்கு கொடுத்தவர் ஜெபர்ஸன் பர்டிக். ஸிராக்யூஸ் நகரத்தில் ஒரு மின்சாரச் சாமான் கம்பெனியில் வேலை பார்த்தவர். கீல்வாதத்தால் விரல்கள் முடங்கிப் போனவர். கையில் கிடைத்த வியாபார அட்டைகளையெல்லாம் சேர்த்து, வகை பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கொடுத்து அட்டவணை போட்டார். இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் லட்சக்கணக்கில் வியாபாரம் நடக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் அட்டைகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக் காட்சிசாலைக்கு இனாமாகக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து, வளையாத விரல்களால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒரு மாலை வேலை முடிந்தது. இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய் மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் காலமானார்.

எவ்வளவு நேர்மையான உழைப்பு! ஆனாலும் அச்சாகாத அட்டைக்கு அவர் எப்படி எண் கொடுக்க முடியும்?

பிற்காலத்தில் பல கம்பெனிகள் கிப்ஸனுக்கும் அட்டை அச்சிட்டன. நல்ல காகிதம், நல்ல வர்ணம். கைக்குக் கிடைத்த சில பழைய புகைப்படங்களையே திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த வருஷத்து அட்டையை எடுத்தாலும் அதே தோள்கள். அதே வாலிப முகம். கானி மாக்குக்கும் வாக்னருக்கும் ஸ்டெங்கலுக்கும் கிடைத்த நரை அவருக்குக் கிடைக்கவில்லை.